ஆண்டு இல்லாத விண்மீன்

நெபுலாக்களின் படங்கள் இப்போது மலிந்துவிட்டன. நாட்காட்டியில் பார்க்கிறோம், கைபேசித் திரையில் பார்க்கிறோம், கவிதைத் தொகுதிகளின் அட்டையில்கூடப் பார்க்கிறோம். ஊதாவும் செம்மையுமாகப் பரந்து கிடக்கும் அந்த வாயுத் திரளைக் கண்டதும் ‘என்ன அழகு’ என்று சொல்லாதவர் இல்லை. அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்வதும் இல்லை. அழகு என்ற சொல் வந்ததும் விசாரணை நின்றுபோவது நம் விமர்சனத்தின் பழைய வியாதி. ஒரு கவிதையை அழகு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிற ரசிகனை இந்தப் பக்கங்களில் எழுதுகிறவர்கள் யாரும் மதிப்பதில்லை. வானத்தின் விஷயத்தில் மட்டும் நாம் எல்லோருமே அந்த ரசிகனாக இருந்துவிடுகிறோம்.

வெடித்துச் சிதறிய ஒரு விண்மீனின் மிச்சத்தில் அழகு எங்கே இருக்கிறது? அதன் நிறத்தில் ஒரு பங்கு, உருவத்தில் ஒரு பங்கு, பெரும்பங்கு அதன் தேதியில் என்பது என் அபிப்பிராயம். இதைச் சொல்ல ஒரு வங்கி எழுத்தன்தான் வரவேண்டும் என்று நண்பர்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டு மேலே படிக்கட்டும். அந்தத் தேதி எங்கிருந்து வந்தது, நம்மிடமிருந்து ஏன் வரவில்லை என்பதுதான் இங்கே கேள்வி.

*

ரிஷப ராசியில், காளையின் ஒரு கொம்பு நுனிக்குப் பக்கத்தில் இருக்கிறது நண்டு நெபுலா. 1731-இல் ஜான் பெவிஸ் என்ற ஆங்கில மருத்துவர் அதைக் கண்டார். 1758-இல் வால்நட்சத்திரம் தேடிக்கொண்டிருந்த பிரெஞ்சுக்காரர் சார்ல்ஸ் மெஸ்ஸியே அதைப் பார்த்து ஏமாந்தார். அப்படி ஏமாற்றக்கூடிய பொருள்களுக்கு அவர் ஒரு பட்டியல் போட்டார். அதில் நண்டு நெபுலாவுக்கு எண் ஒன்று. இன்று நாம் வியக்கிற பொருள்கள் பல, தொந்தரவு என்று ஒதுக்கிவைத்த ஜாபிதா ஒன்றின் மூலமாகத்தான் நமக்கு அறிமுகமாயின என்பதைக் கவனிக்க வேண்டும். 1844-இல் வெளியான ரோஸ் பிரபுவின் சித்திரத்தில் நண்டின் கால்களைப்போலச் சில கோடுகள் இருந்தன. அதனால் வந்தது பெயர். இன்றைய படங்களில் அந்த நண்டைத் தேடினால் கிடைக்காது.

1921-இல் இரண்டு காரியங்கள் நடந்தன. ஜான் டங்கன் என்பவர் பதினோரு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி விட்டு எடுத்த இரண்டு புகைப்படத் தகடுகளை அருகருகே வைத்து ஒப்பிட்டு, நெபுலா வெளிநோக்கி விரிந்துகொண்டிருக்கிறது என்று கண்டார். அதே ஆண்டில் ஸ்வீடன் நாட்டு லுண்ட்மார்க், சீனப் பழைய ஆவணங்களில் ‘விருந்தாளி விண்மீன்’ என்று குறிக்கப்பட்டவற்றைத் தொகுத்தபோது, 1054-ஆம் ஆண்டில் வந்த ஒன்று இந்த நெபுலாவுக்கு அருகில் இருந்ததாகக் குறித்தார். 1928-இல் எட்வின் ஹபிள் விரிவின் வேகத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டார். சுமார் 900 ஆண்டுகள் வந்தது. 1942-இல் டைவெண்டாக் என்ற சீன மொழி அறிஞர் மூல வாசகங்களை மறுபடி வாசித்துக் கொடுக்க, மயாலும் ஊர்ட்டும் வானியல் கணக்கைச் செய்ய, விஷயம் முடிவுக்கு வந்தது. ஒரு மொழியறிஞன் இல்லாமல் நண்டு நெபுலாவுக்கு வயது தெரிந்திராது. இலக்கியக்காரர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

அந்தச் சீனப் பதிவு என்ன சொல்கிறது? 1054 ஜூலை 4, சுங் வம்சத்தின் தலைநகரம் காய்ஃபெங். கீழ்வானத்தில் விடியலுக்கு முன் ஒரு புதிய விண்மீன். பட்டப்பகலில் 23 நாள் தெரிந்தது. இரவு வானத்தில் 1056 ஏப்ரல் வரை, ஏறக்குறைய 21 மாதம் இருந்து மறைந்தது. அரசவை வானநூலார் யாங் வெய்-தே அதன் மஞ்சள் நிறத்தைச் சக்கரவர்த்திக்குச் சாதகமான சகுனமாக விளக்கி விண்ணப்பித்துக்கொண்டார். முகஸ்துதிதான், சந்தேகமில்லை. ஆயினும் முகஸ்துதிக்கு முன்னால் நாள் எழுதப்பட்டது, எந்த விண்மீனுக்குப் பக்கத்தில் என்று எழுதப்பட்டது, மறைந்த நாளும் எழுதப்பட்டது. ஸ்துதியைக் கேட்ட சக்கரவர்த்தி போய்விட்டார், வம்சம் போய்விட்டது. நாளும் இடமும் மிஞ்சின.

நண்டு நெபுலா நம்மிடமிருந்து சுமார் 6,500 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. ஆகவே வெடிப்பு நடந்தது காய்ஃபெங் காலத்துக்கும் 6,500 ஆண்டுகள் முன்னால். காசோலையில் எழுதிய தேதி ஒன்று, கணக்கில் வரவான தேதி வேறொன்று என்பது என் தொழிலில் தினசரி விவகாரம். 1054 என்பது வரவான தேதி. அதிலிருந்து விநாடிக்குச் சுமார் 1,500 கிலோமீட்டர் வேகத்தில் விரிந்து, இப்போது ஏறக்குறைய 11 ஒளியாண்டு அகலத்துக்கு அந்த வாயு பரவியிருக்கிறது. படத்தில் இழை இழையாகத் தெரிவதெல்லாம் உறைந்த சித்திரமல்ல, நடந்துகொண்டிருக்கும் சம்பவத்தின் ஒரு கணம். தேதி தெரியாதவனுக்கு அது திரைச்சீலை, தெரிந்தவனுக்கு அது இன்னும் முடியாத வெடிப்பு. இரண்டு அனுபவமும் ஒன்றல்ல.

*

1054 என்றதும் தமிழ் வாசகனுக்கு வேறொன்று நினைவுக்கு வரவேண்டும். சாளுக்கியருடன் நடந்த கொப்பத்துப் போரை அந்த ஆண்டில்தான் வரலாற்றாசிரியர்கள் பொதுவாக வைக்கிறார்கள். முதலாம் ராஜாதிராஜன் யானைமேல் இருந்தபடி இறந்தான். தம்பி இரண்டாம் ராஜேந்திரன் போர்க்களத்திலேயே முடிசூடிக்கொண்டான். போர் நடந்த மாதம் எதுவாயிருந்தாலும், அந்த 21 மாதத்தில் சோழ நாட்டின் விடியற்காலை வானத்திலும் அந்தப் புதிய விண்மீன் இருந்தது. காய்ஃபெங்கில் தெரிந்தது காவிரிப் பாசனத்தில் தெரியாமலிருக்க நியாயமில்லை. மேகம் என்று சமாதானம் சொல்ல முடியாது. இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக எந்த மேகமும் நிற்பதில்லை. இருந்தும் அந்த விண்மீனைப் பற்றிய குறிப்பு என்று அறிஞர்கள் ஒப்புக்கொண்ட சோழக் கல்வெட்டு எதுவும் நமக்குத் தெரியாது.

நான் இருப்பது அத்திப்பட்டில். இங்கிருந்து மின்ரயிலில் எண்ணூர், கத்திவாக்கம், விம்கோ நகர் தாண்டினால் திருவொற்றியூர். ஆதிபுரீசுவரர் கோயில் கருவறை முதலாம் ராஜேந்திரன் காலத்தில் கல்லால் எடுக்கப்பட்டது. யானையின் பின்புறம்போல வளைந்த தூங்கானை மாடம். அதன் சுவர்களில் சோழர் கல்வெட்டுகள் ஏராளம். அந்தச் சுவரை நான் பார்ப்பது பக்தியோடும் இல்லை, தொல்லியலாளனின் பயிற்சியோடும் இல்லை. அதில் எனக்குப் பரிச்சயமான ஒன்று இருக்கிறது: கணக்கு. சோழர் காலக் கோயில் சுவர் என்பது பெரும்பாலும் வைப்புநிதிப் பேரேடு. இவ்வளவு பொன் முதல், இவ்வளவு பொலிசை, அந்தப் பொலிசையில் இன்ன நாள் இன்ன தர்மம். நந்தா விளக்கு ஒன்றுக்கு இத்தனை ஆடு. அந்த ஆடுகளுக்குச் சாவும் மூப்பும் இல்லை என்று சொல்லியே எழுதுவார்கள். செத்தால் கன்றை வைத்து எண்ணிக்கையை நிரப்பிக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு.

இந்த ஏற்பாடு எதுவரை? சந்திரனும் ஆதித்தனும் உள்ளவரை. ஏறக்குறைய எல்லாத் தானத்துக்கும் இதுதான் காலவரை. இங்கேதான் எனக்கு ஒரு விளக்கம் தோன்றுகிறது. சோழர் கல்வெட்டில் வானம் பார்க்கப்படும் பொருள் அல்ல, அது ஜாமீன்தாரர். அரசன் மாறுவான், ஊர்ச்சபை மாறும், பூசகன் மாறுவான், மேலே உள்ளது மாறாது என்ற நம்பிக்கையின்மேல் முழுப் பொருளாதாரமும் எழுதப்பட்டது. நட்சத்திரங்கள் வருகின்றன, வராமலில்லை. ராஜராஜனுக்குச் சதயம், ராஜேந்திரனுக்குத் திருவாதிரை. தானம் கொடுத்த நாளுக்கும் நட்சத்திரம் குறித்திருக்கும். அவை கடிகாரத்தின் எண்கள். புதிதாக ஓர் எண் முளைத்து இரண்டு வருஷத்தில் அழிந்துபோனால் அதை எழுத அந்தப் பேரேட்டில் பத்தி இல்லை. எழுதியிருந்தால் ஜாமீன்தாரரின் யோக்கியதையைச் சந்தேகித்ததாக ஆகியிருக்கும்.

இது என் ஊகம். ஓலையில் யாராவது எழுதி, ஓலை கரையானுக்குப் போயிருக்கலாம். சோழர் காலத்தில் கணிகள் இல்லாமலில்லை. கிரகணமும் திதியும் பிசகாமல் கணித்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. பார்ப்பதும் பதிவதும் வேறு வேறு என்றுதான் சொல்கிறேன். எதைப் பதிய வேண்டும் என்று ஒரு சமூகம் தீர்மானிக்கிறதோ அதுவே அதன் பிற்காலத்துக்குக் காட்சியாகக் கிடைக்கிறது.

*

அப்படியானால் பதிவது அரசாங்க குமாஸ்தாவின் வேலை, கவிஞனுக்கு அதில் என்ன என்று கேட்பவர்களுக்கு ஜப்பானிலிருந்து ஒரு பதில் உண்டு. ஃபுஜிவாரா நோ தெய்க்கா ஜப்பானியக் கவிதை மரபின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று. நூறு கவிஞருக்கு ஒரு பாட்டு வீதம் தொகுத்த புகழ்பெற்ற தொகை அவருடையது என்றே கருதப்படுகிறது. அவர் ‘மெய்கெட்சுகி’ என்ற நாட்குறிப்பைப் பல பத்தாண்டுகள் எழுதினார். 1230-இல் வானத்தில் புதிதாக ஏதோ தோன்றியபோது, முன்பு இப்படி வந்ததுண்டா என்று சோதிட நிபுணர்களிடம் கேட்டார். அவர்கள் பழைய ஏடுகளிலிருந்து எட்டு உதாரணங்களைத் தேதியோடு எழுதி அனுப்பினார்கள். கவிஞர் அதை நாட்குறிப்பிலேயே சேர்த்து வைத்துவிட்டார். அந்த எட்டில் 1006, 1054, 1181 ஆகிய மூன்று சூப்பர்நோவாக்கள் இருக்கின்றன. தெய்க்கா பிறந்ததே 1162-இல். தாம் பார்க்காத விண்மீனின் தேதியை அவர் காப்பாற்றிக் கொடுத்தார். 1934-இல் இபா என்ற தொழில்முறை சாராத ஜப்பானிய வானியல் ஆர்வலர் அதை ஆங்கிலத்தில் வெளியிட்டதால் உலகம் அறிந்தது.

நம்மிடமும் ஒருவர் இருந்தார், தெய்க்காவுக்குப் பல நூற்றாண்டு முன்னால். கூடலூர் கிழார். புறநானூற்றின் 229-ஆம் பாட்டு யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையின் மரணத்தைப் பற்றியது. விண்மீன் ஒன்று விழுகிறது, ஏழாம் நாள் அரசன் இறக்கிறான். சகுனப் பாட்டு என்று ஒதுக்கிவிடக் கூடாது. அந்தப் புலவர் எவ்வளவு விவரமாகப் பார்த்திருக்கிறார் என்பதுதான் விசேஷம். மாதம் பங்குனி. அதிலும் முற்பகுதி. நேரம் நடு இரவு. கார்த்திகையின் முதற்காலோடு பொருத்தி நாளைச் சொல்கிறார். உச்சியில் நின்ற ஒரு மீன் சாய்வதையும், எதிரே ஒன்று எழுவதையும், இன்னொன்று மறைவதையும் சொல்கிறார். பழைய உரைகாரர் இவற்றை உத்திரம், மூலம், மிருகசீரிடம் என்று எடுத்துக் காட்டுகிறார். விழுந்த திசை கிழக்குமல்ல வடக்குமல்ல என்பதுவரை இருக்கிறது. பதற்றத்தின் நடுவே ஒரு கண் குளிர்ந்து வேலை செய்திருக்கிறது. இதைவிடக் கறாரான வான்நோக்கு அந்தக் காலத்து எந்த மொழிக் கவிதையிலும் மலிவாகக் கிடைக்காது.

எல்லாம் இருக்கிறது, ஆண்டு இல்லை. தொடர்ந்து எண்ணும் ஆண்டுக் கணக்கு அந்தப் பாட்டுக்குள் இல்லாததால், உலகின் மற்ற ஏடுகளோடு அதை ஒட்டிப் பார்க்க வழியில்லை. அது விண்கல்லா வேறேதுமா என்று விவாதிக்கலாம், பொருத்திப் பார்க்க முடியாது. ஆண்டுக்கான பசி நமக்குப் பின்னால் வந்தது. எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை பஞ்சாங்கக் கணிதத்தில் பெரும் உழைப்பு உழைத்தவர். பரிபாடல் 11-இல் சொல்லப்பட்ட கோள் நிலைகளைக் கொண்டு கி.பி. 634 என்று ஓர் ஆண்டை வருவித்தார். பலர் ஏற்கவில்லை. அந்த ஆண்டு சரியோ தவறோ, ஹபிள் தகட்டில் செய்ததைப் பிள்ளை பாட்டில் செய்யப் பார்த்தார். கவிதையை அதன் நாளோடு சேர்க்க நினைத்த அந்த ஆசை எனக்கு மரியாதைக்குரியதாகப் படுகிறது.

பட்டப்படிப்பில் நான் ஆங்கில இலக்கியம் படித்தேன். 1572-இலும் 1604-இலும் தோன்றிய புதிய விண்மீன்கள் ஜான் டன்னின் மனசை எப்படிக் கலக்கின என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். அடுத்த மணி தமிழ் வகுப்பு. அங்கே கூடலூர் கிழாரின் பாட்டு ஆனந்தப்பையுள் துறைக்கு ஓர் உதாரணமாக வந்து போனது. இரண்டு வகுப்புக்கும் நடுவே ஐந்து நிமிஷ இடைவேளை. அந்தத் தூரத்தைக் கடக்க எனக்குப் பத்து வருஷம் பிடித்தது.

*

நவீன வானியல் நம் ஊருக்குள் வந்தபோதும் முதலில் வந்தது ஒரு கல்வெட்டுத்தான். 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி நுங்கம்பாக்கத்தில் சென்னை வானாய்வகத்தைக் கட்டியது. தொலைக்கருவியைத் தாங்க 15 அடி உயரக் கருங்கல் தூண் ஒன்றை நிறுத்தி, அதில் லத்தீன், தமிழ், தெலுங்கு, இந்துஸ்தானி ஆகிய மொழிகளில் வாசகம் பொறித்தார்கள். இந்தச் சாஸ்திரத்தை ஆசியாவில் நட்டது யாருடைய தயாளம் என்று ஆயிரம் ஆண்டுக்குப் பின் வருகிறவனும் அறியவேண்டும் என்பது நோக்கம். திருவொற்றியூர்ச் சுவருக்கும் இதற்கும் பாஷை வேறு, சுபாவம் ஒன்று. கல் கொடுத்தவனைச் சொல்கிறது.

ஆனால் உள்ளே ஏடுகள் இருந்தன. டெய்லர் 1844-இல் வெளியிட்ட சென்னைப் பட்டியலில் 11,015 விண்மீன்கள். பின்னர் 1861-இல் வந்தவர் நார்மன் போக்சன். விண்மீன்களின் பிரகாசத்தை அளக்க இன்றும் உலகம் உபயோகிக்கும் அளவுகோலை 1856-லேயே வகுத்தவர். அவருக்குக் கீழே முதல் உதவியாளராக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. இரவு இரவாக ஒருவர் தொலைநோக்கியில் கண் வைத்து விண்மீன் கம்பியைக் கடக்கும் கணத்தைச் சொல்ல, அது ஏட்டில் ஏறும். 1862 முதல் 1887 வரை நடந்த இந்த வேலை தொகுதி தொகுதியாக வெளியாயிற்று. இதில் காவியம் எதுவும் இல்லை. எனக்குத் தெரிந்த வேலைதான் இது: எண்ணைச் சரியாக எழுது, நாளைப் போடு, அடுத்ததற்குப் போ.

1867 ஜனவரியில் ரகுநாதாச்சாரி ஒரு பேதத்தைக் கண்டார். தென்வானில், சென்னையிலிருந்து அடிவானத்துக்கு மேல் 14 பாகையே எழும்பும் ஒரு விண்மீன். அதன் பிரகாசம் முன்பு குறித்ததோடு ஒத்துப்போகவில்லை. அதுதான் ஆர் ரெட்டிகுலி என்று இன்று அழைக்கப்படும் மாறுவிண்மீன். ஒன்பது மாதச் சுற்றில் மங்கி ஒளிர்ந்துகொண்டே இருக்கிறது. 1872-இல் லண்டன் ராயல் வானியல் கழகம் அவரை உறுப்பினராக்கியது.

நெபுலாவைப் பற்றிய கட்டுரையில் மாறுவிண்மீன் எதற்கு என்றால், இந்த வகை விண்மீன் ஆயுளின் கடைசிக் கட்டத்தில் இருப்பது. வீங்கித் தணிந்து, தன் மேல் அடுக்குகளைச் சிறிது சிறிதாக வெளியே ஊதித் தள்ளிக்கொண்டிருக்கும். ஒருநாள் உள்ளே வெள்ளைக் குறுமீன் மட்டும் மிஞ்ச, தள்ளப்பட்ட வாயு அதன் வெளிச்சத்தில் ஒளிரும். அதைத்தான் கோள்வடிவ நெபுலா என்கிறார்கள். தொலைநோக்கியில் கோளின் தட்டுப்போல் தெரிந்ததால் வந்த பெயர், கோளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சூரியனுக்கும் இதுவே கதி. ஆகவே சென்னைக்காரர் ஒருவர் நுங்கம்பாக்கத்தில் உட்கார்ந்து, இனிமேல் வரப்போகும் ஒரு நெபுலாவின் பிறவிக் குறிப்பில் முதல் வரியை எழுதியிருக்கிறார். ஆண்டோடு.

அதே காலத்தில் சென்னையில் கல்வி அதிகாரியாக இருந்த பவல் என்பவர், ஈட்டா ஆர்கஸ் என்று அப்போது அழைக்கப்பட்ட விண்மீனைச் சூழ்ந்த நெபுலாவைப் பார்த்து லண்டன் கழகத்தின் ஏட்டில் 1864-இல் குறிப்பு எழுதினார். அந்த நெபுலா உருமாறுகிறதா இல்லையா என்று அப்போது சர்ச்சை. ஒவ்வொருவர் கைச் சித்திரமும் ஒவ்வொரு மாதிரி. கண்ணால் பார்த்துக் கையால் வரைவது போதாமல் போன இடம் அது. புகைப்படத் தகடு வந்த பிறகுதான் வாதம் அடங்கியது.

*

இங்கே நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பெரிய தொலைநோக்கியில் நேரே கண் வைத்தாலும் பெரும்பாலான நெபுலாக்கள் சாம்பல் நிறத்தில்தான் தெரியும். மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் புரிவதில்லை. படங்களில் உள்ள நிறம் பல சமயம் ஏற்றப்பட்டது. ஹபிள் விண்தொலைநோக்கி 1995-இல் எடுத்த கழுகு நெபுலாவின் தூண்களில் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்ஸிஜனுக்கு நீலம் என்று ஒதுக்கினார்கள். அப்படியானால் இந்த அழகு பொய்தானே என்று சிலர் கேட்கிறார்கள்.

நான் அப்படி நினைக்கவில்லை. 1864 ஆகஸ்டில் வில்லியம் ஹக்கின்ஸ் ஒரு நெபுலாவின் ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது விண்மீனுக்குரிய நிறப்பட்டை இல்லை, தனித்தனிக் கோடுகள்தாம் இருந்தன. நெபுலா என்பது ஒளிரும் வாயு என்று அன்று ருசுவாயிற்று. ஒரு பச்சைக் கோடு மட்டும் பூமியில் தெரிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. நெபுலியம் என்று ஒரு கற்பனைத் தனிமத்துக்கே பெயர் வைத்தார்கள். 1927-இல் பொவென் விளக்கினார்: அது இரண்டு எலெக்ட்ரான்களை இழந்த ஆக்ஸிஜன். நம் சுவாசத்தில் உள்ள அதே சரக்கு. அந்தக் கோடு வெளிவர வேண்டுமானால் அணுவை இன்னோர் அணு இடித்துத் தொந்தரவு செய்யாமல் வெகுநேரம் விட்டுவிட வேண்டும். பூமியில் உண்டாக்கும் வெற்றிடங்களைவிட வெறுமையான இடத்தில்தான் அது சாத்தியம். எங்கே ஆக்ஸிஜன், எங்கே கந்தகம் என்று பிரித்துக் காட்ட நிறம் ஏற்றுகிறவன் மூலத்தைத் திருத்துகிறவன் அல்ல, உரை எழுதுகிறவன். புறநானூற்றுப் பாட்டில் எந்த மீன் உத்திரம், எந்த மீன் மூலம் என்று எடுத்துச் சொன்னவரும் அதைத்தான் செய்தார். உரை இல்லாமல் நமக்கு அந்தப் பாட்டு வெறும் ஓசை. உரையில் மோசடி செய்யவும் முடியும் என்பது வேறு விஷயம். அதைக் கண்டுபிடிக்கத்தான் விமர்சகன் இருக்கிறான்.

அழகுணர்ச்சியே வழிமறித்த சந்தர்ப்பமும் உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த எஸ். சந்திரசேகர் 1930-இல் தம் 19-ஆம் வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். பயணத்திலேயே போட்ட கணக்கில், வெள்ளைக் குறுமீனின் நிறைக்கு ஓர் உச்சவரம்பு வந்தது. சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. அதைத் தாண்டினால் விண்மீன் அமைதியாக அடங்க முடியாது, உள்ளே சரியும். 1935 ஜனவரி 11 அன்று லண்டனில் அவர் இதை எடுத்துரைத்ததும் எடிங்டன் எழுந்து, விண்மீன் இப்படி அபத்தமாக நடந்துகொள்ளாமல் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருக்கவேண்டும் என்று பரிகசித்தார். கணக்கில் பிழை காட்ட அவரால் முடியவில்லை. அவரது ரசனைக்கு அது ஒவ்வவில்லை, அவ்வளவுதான். ஒரு மேதையின் ரசனை பல ஆண்டுகளை விழுங்கியது. 1968-இல் நண்டு நெபுலாவின் நடுவே விநாடிக்கு 30 தடவை சுழலும் நியூட்ரான் விண்மீன் அகப்பட்டது. வெள்ளைக் குறுமீனாக அடங்க முடியாத விண்மீன்களுக்கு வேறு முடிவு உண்டு என்பதற்கு அது சாட்சி. சந்திரசேகருக்கு 1983-இல் நோபல் பரிசு வந்தது. 1987-இல் அவர் வெளியிட்ட நூல் விஞ்ஞானத்தில் உண்மையையும் அழகையும் பற்றியது. அழகின் பேரால் நிராகரிக்கப்பட்ட ஒருவர் அழகைக் கைவிடவில்லை என்பதை நம் அழகியல்வாதிகளும் அவர்களது எதிரிகளும் சேர்ந்தே யோசிக்கலாம்.

*

நம்மிடம் இப்போது ஏடு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1987 பிப்ரவரியில் பெரிய மெகல்லன் மேகத்தில் ஒரு விண்மீன் வெடித்தபோது, ஜவ்வாது மலையில் வைணு பாப்பு தேர்ந்தெடுத்த காவலூரிலிருந்து, தெற்கு அடிவானத்தை ஒட்டி அதைப் பார்த்து நிறமாலையைப் பதிவு செய்தார்கள். அந்தப் பதிவுகளில் நாள் இருக்கிறது, மாதம் இருக்கிறது, ஆண்டும் இருக்கிறது. அந்த வெடிப்பைச் சுற்றி ஒளிரும் வளையங்கள் இன்று புகழ்பெற்ற படங்கள்.

இல்லாதது நம் எழுத்தில்தான். தமிழ் நவீன கவிதையில் நட்சத்திரம் தனிமைக்குப் பதிலி, எட்டாத ஆசைக்குப் பதிலி. எந்த நட்சத்திரம், எந்த மாதம், எந்தத் திசை என்று கேட்டால் கவிஞர் கோபித்துக்கொள்கிறார். கூடலூர் கிழார் கோபித்திருக்க மாட்டார். ஸ்தூலமான விவரம் கவிதையைக் கொன்றுவிடும் என்பது அரை நூற்றாண்டாக நாமே வளர்த்துக்கொண்ட மூடநம்பிக்கை. அவரிடம் விவரம்தான் பயத்தைப் பயமாக்குகிறது.

அத்திப்பட்டில் இரவு கறுப்பாக இருப்பதில்லை. அனல்மின் நிலையத்தின் விளக்குகள், துறைமுகச் சாலையில் வரிசை கட்டும் கன்டெய்னர் லாரிகளின் வெளிச்சம், புகைபோக்கிகளின் உச்சியில் மினுக்கும் சிவப்பு. எல்லாம் சேர்ந்து வானம் பழுத்த நிறத்தில் இருக்கிறது. எந்த நெபுலாவும் இங்கே கண்ணுக்குத் தெரியாது. மார்கழியில் மொட்டை மாடியில் நின்றால் தெரிகிற சில விண்மீன்களில் ஒன்று திருவாதிரை. சிவந்த கிழட்டு விண்மீன். 2019 முடிவில் ஆரம்பித்துச் சில மாதங்கள் வெறுங்கண்ணுக்கே தெரியும்படி மங்கியது. அது உமிழ்ந்த தூசு அதையே மறைத்தது என்று பின்னர் விளக்கினார்கள். ராஜேந்திரன் பிறந்த நாள் என்று சோழர் போற்றிய அந்த விண்மீன் ஒருநாள் வெடிக்கும். நாளைக்கோ, ஒரு லட்சம் ஆண்டு கழித்தோ. வெடித்தால் காய்ஃபெங்கில் தெரிந்ததுபோலப் பட்டப்பகலில், அத்திப்பட்டின் புகைக்கு மேலேயும் தெரியும். சந்திராதித்தர் உள்ளவரை என்று எழுதிய சுவர் அப்போது திருவொற்றியூரில் இருக்குமோ என்னவோ. எத்தனையோ பேர் படம் எடுப்பார்கள், எத்தனையோ பேர் அழகு என்பார்கள். தமிழில் எழுதுகிற ஒருவராவது எந்தக் கிழமை, எந்த நேரம், எந்தத் திசை என்று எழுதி, மறக்காமல் ஆண்டையும் போடவேண்டும்.